அரண்மனைக் கடிதம் சேர்க்கப் போகிறீர்களா? கட்டைப் பிரிக்காதீர்கள்

முப்பத்து நான்கு வருடம் ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன் நான். திருச்சி ஜங்ஷனில் பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். எவ்வளவு கோணல் கையெழுத்தானாலும் ஊரைக் கண்டுபிடித்து உரிய பையில் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. ஓய்வு பெற்றதும் பழைய கடிதங்களைத் தேடி நான் அலைய ஆரம்பித்ததற்கு அந்தப் பசிதான் காரணம் என்பாள் என் வீட்டுக்காரி. இருக்கலாம்.

இன்று என்னிடம் நூற்று நாற்பது சொச்சம் கடிதங்கள் இருக்கின்றன. எல்லாம் அரண்மனை சம்பந்தப்பட்டவை. புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்தவை பாதி. ராமநாதபுரத்துப் பக்கம் ஜமீன் வீடுகளில் இருந்து வந்தவை கொஞ்சம். திருவிதாங்கூர்க் கடிதங்கள் கொஞ்சம். மோடி என்னும் பழைய மராட்டி எழுத்தில் உள்ள தஞ்சாவூர்க் காகிதம் நாலு. இதில் ராஜா தன் கையால் எழுதியது ஒன்றுகூட இல்லை. ராஜா கையெழுத்து மட்டும் போட்டது மூன்று. மிச்சமெல்லாம் ராயசக்காரர் எழுதியது, சமையல் சாமான் அறையைக் கவனித்த உக்கிராணக்காரர் எழுதியது, ராணியின் காரியஸ்தர் எழுதியது, யானைப் பாகனுக்காக வேறு யாரோ எழுதிக் கொடுத்தது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ராஜாவின் கையெழுத்தைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு விஷயம் புரிய எனக்கு மூன்று வருடமும் கொஞ்சம் பணமும் ஆயிற்று. அரண்மனையில் கடிதம் எழுதுவதற்கென்றே ஆள் இருந்தார், அவர்தான் ராயசம். ராஜா கேட்பார், தலையசைப்பார், கடைசியில் கையெழுத்துப் போடுவார் அல்லது முத்திரை வைக்கச் சொல்வார். ஆகவே கையெழுத்துள்ள கடிதம் பெரும்பாலும் நாலு வரி உத்தரவாகவே இருக்கும். அந்த உத்தரவு ஏன் பிறந்தது, அதற்கு முன் யார் யார் கெஞ்சினார்கள், பிறகு நெய் வந்து சேர்ந்ததா இல்லையா என்பதெல்லாம் மற்றவர்கள் எழுதிய கடிதங்களில்தான் கிடக்கிறது. ராஜா ஊரில் இல்லாத காலத்துக் கட்டுகள் இன்னும் சுவாரஸ்யம். புதுக்கோட்டை மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்போர்னில் மாலி ஃபிங்கைக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாட்டிலேயே பல வருடம் இருந்து, 1928இல் பாரிசில் காலமானார். எஜமான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் வீட்டு நிர்வாகம் காகிதத்தில்தானே ஓடும்?

எங்கே கிடைக்கும்

இந்தக் காகிதமெல்லாம் ஏன் வெளியே வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், எங்கே தேடுவது என்பது தானாக விளங்கும். 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை இந்திய யூனியனில் சேர்ந்தது. அதே வருடம் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1971இல் மன்னர் மானியமும் நின்றது. ஒவ்வொரு தடவையும் பெரிய வீடுகள் சின்ன வீடுகளாயின. தேக்கு அலமாரி விலை போயிற்று, அதற்குள் இருந்த தகரப் பெட்டி காயலான் கடைக்குப் போயிற்று. இன்னொரு வழி, வேலைக்காரர்களின் வாரிசுகள். அரண்மனைக் கணக்குப்பிள்ளையின் பேரன் வீட்டுப் பரணில் இருப்பது அரண்மனையிலேயே இருக்காது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பலருக்கும் தெரியும். அங்கே தூணும் கண்ணாடியும் எனாமல் தட்டும்தான் முன்னால் நிற்கும். "காகிதம் ஏதாவது இருக்காண்ணே?" என்று வாய்விட்டுக் கேட்டால்தான் உள்ளே இருந்து வரும். எடைக்கு எடுக்கிற பழைய பேப்பர் கடைக்காரர் இரண்டு மூன்று பேரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கு ஒரு டப்பா மிக்சரும் கொடுத்து வையுங்கள்.

தபால்தலைக் கண்காட்சிகளை விடாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கு உறைதான் முக்கியம். திருவிதாங்கூர் 1888இலும் கொச்சி 1892இலும் சொந்தத் தபால்தலை வெளியிட்டன. அஞ்சல் என்று பெயர் பெற்ற அந்த ஊர்த் தபால் 1951இல்தான் இந்தியத் தபாலோடு கலந்தது. சங்கு முத்திரைத் தலைக்காக உறையை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பவர், உள்ளே இருந்த கடிதத்தை ரப்பர் பேண்டு போட்டுத் தனியாக ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருப்பார். கடிதம் ஒன்று ஐம்பது ரூபாய்க்கு நான் வாங்கியிருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அதனால் நாகர்கோவில் பக்கம் வந்த தமிழ்க் கடிதங்களும் அந்தப் பெட்டியில் அகப்படும்.

வாங்கும் முன் சட்டம்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் மறக்காதீர்கள். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள ஆவணமோ கையெழுத்துப் பிரதியோ 75 வருடம் தாண்டினால் அது தொல்பொருள். மற்ற பொருள்களுக்கு நூறு வருடக் கணக்கு, காகிதத்துக்கு எழுபத்தைந்து. தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. டொரண்டோவில் இருக்கும் என் மச்சான் பையன், "ஒண்ணு கூரியர்ல போடுங்க மாமா, ஃப்ரேம் பண்ணி மாட்டுறேன்" என்று கேட்டான். போட்டோ அனுப்பினேன்.

அரண்மனை வீட்டுக் கடிதம் வேறு, சமஸ்தான அலுவலகக் கோப்பு வேறு. தர்பார் அலுவலகக் கோப்பு எண், துறையின் பெயர், ஆவண அறை ரப்பர் ஸ்டாம்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் அது எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். ஸ்டாம்பு இருந்த இடம் சுரண்டி மெலிந்திருந்தால் கேட்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். மோடிக் காகிதத்தில் இன்னும் கவனம் தேவை. தஞ்சை மராட்டிய அரண்மனையின் மோடி ஆவணங்கள் கட்டுக் கட்டாகச் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருப்பவை. என்னிடமுள்ள நாலும் ஒரு குடும்பத்தின் நிலப் பத்திரங்களுக்கு நடுவே, யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு எடுத்தவை. அப்படி எழுதி வாங்குவதை எல்லாக் கடிதத்துக்கும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அசலா என்று பார்ப்பது

ஆரம்பத்தில் ஒரு கடிதத்துக்கு ஏழாயிரம் கொடுத்தேன். பசலி (பழைய நிலவரிக் கணக்கு வருடம்) 1290 என்று தேதி, சிவப்பு அரக்கு முத்திரை, கம்பீரமான கையெழுத்து. கொடுத்தவர் பேர் வேண்டாம். வீட்டுக்கு வந்து, கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச்சை அடித்தால், சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி பளீரென்று நீலமாக மின்னியது. சலவைப் பவுடரில் சேர்க்கிற வெளுப்பூட்டி போன்ற ஒரு வஸ்துவைக் காகிதத்திலும் சேர்க்க ஆரம்பித்தது ஏறக்குறைய 1950 வாக்கில். பசலி 1290 என்றால் 1880. டீத்தண்ணீரில் முக்கிக் காய வைத்திருக்கிறார்கள். அந்த டார்ச்சின் விலை முந்நூறு ரூபாய். இப்போது அது இல்லாமல் எங்கும் போவதில்லை. கடிதத்தின் மேல் இரண்டு விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், மைக்கு நல்லதல்ல.

டார்ச்சுக்கு அடுத்தது நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ். அதில் முதலில் மடிப்பைப் பாருங்கள். உண்மையான கடிதத்தில் எழுதிய பிறகுதான் மடித்திருப்பார்கள், ஆகவே மடிப்பு எழுத்தை உடைத்துக்கொண்டு போகும். பழைய வெற்றுக் காகிதத்தில் இப்போது எழுதினால் மை மடிப்பின் வெடிப்புக்குள் ஊறிப் பரவும். பூச்சி அரித்த ஓட்டையும் அப்படித்தான். ஓட்டையின் உதட்டில் மை இறங்கியிருந்தால் ஓட்டைதான் முதலில் வந்தது. கையெழுத்து மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. பேனாக் கோட்டின் இரண்டு ஓரமும் அழுத்தமாக, நடுவே வெளிறி, தண்டவாளம் மாதிரி ஓடினால் எஃகு நிப். இறகு, நாணல் பேனாக்கள் அப்படித் தடம் விடாது.

அப்புறம் மை. கடுக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு சேர்த்த மை நாளாக நாளாகப் பழுப்பாகும். காகிதத்தையும் தின்னும், பின்பக்கம் எழுத்தின் நிழல் தெரியும். விளக்குப் புகைக் கரியில் செய்த மை இருநூறு வருடமானாலும் கறுப்பாகவே இருக்கும். ஊதா மையைக் கண்டால் தேதியைப் பாருங்கள். செயற்கை ஊதாச் சாயம் கண்டுபிடித்ததே 1856இல்.

காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நீர்க்குறி தெரியும். சீமைக் காகிதத்தில் 'வாட்மன்' என்ற பேரும் கீழே ஒரு வருடமும் இருக்கலாம். காகிதம் செய்த வருடம் அது. கடிதம் அந்த வருடத்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோதான் இருக்க முடியும், முந்தியதாக இருந்தால் கதை முடிந்தது. 1854 அக்டோபருக்கு முன் இந்தியா முழுமைக்குமான தபால்தலை கிடையாது. அதற்கு முந்திய கடிதங்களில் உறையும் அபூர்வம், தாளையே மடித்து அரக்கு வைத்துவிடுவார்கள்.

தேதி

கள்ளக் கடிதம் செய்கிறவன் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நம் பக்கத்துக் கடிதங்களில் தேதி பல கணக்கில் வரும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம். அந்த ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூன் வரை. கொல்லம் ஆண்டோடு ஜனவரிக்கு முன் என்றால் 824, பின் என்றால் 825. சக ஆண்டோடு 78. இவற்றோடு அறுபது வருடச் சுற்றின் பெயரும் இருக்கும்.

ஒரு கடிதத்தில் சார்வரி வருடம் என்று இருக்கிறது, பசலி 1310 என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்வரி 1900 ஏப்ரலில் தொடங்கியது. பசலி 1310 அந்த ஜூலையில் தொடங்கியது. ஆடி மாதக் கடிதம் என்றால் சரி. வைகாசி என்று இருந்தால் பசலி 1309 அல்லவா வர வேண்டும்? குமாஸ்தாவும் மனிதன், தப்புச் செய்வான். ஆனால் அந்த ஒரு தப்போடு முத்திரையும் புத்தம் புதிதாக இருந்தால் நான் காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன்.

வருடம், மாதம், நாள் என்பதை எழுத்தில் தேடாதீர்கள். ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் தேதி. ௸ என்றால் மேற்படி. எண்களும் தமிழ் எண்களாகவே இருக்கலாம். இவ்வளவையும் ஒரு துண்டு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

படிப்பது

படிக்க முடியாத கடிதத்தை வாங்காதீர்கள். அல்லது வாங்கினால் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ, ஏ வித்தியாசம் இருக்காது. காலும் ர-வும் ஒன்றுபோலவே நிற்கும். வார்த்தைக்கு வார்த்தை இடம் விட மாட்டார்கள். 'பாலபடி' என்று இருந்ததைப் பாலபாடி என்ற ஊர் என்று நினைத்து வரைபடத்தில் அரை நாள் தேடினேன். பால், படி நாலு. அவ்வளவுதான் விஷயம்.

வாய்விட்டுப் படியுங்கள். கண் தடுமாறுகிற இடத்தில் காது கண்டுபிடித்துவிடும். ஆரம்பத்தில் வரும் 'ம.ரா.ரா.ஸ்ரீ', 'சமுகத்துக்கு', 'உபயகுசலோபரி' எல்லாம் மரியாதை வார்த்தைகள், மாறாத பாட்டு. அதை ஒரு தடவை பழகிவிட்டால் அந்த எழுத்தர் க எப்படிப் போடுகிறார், ட எப்படிப் போடுகிறார் என்று பிடிபடும். அந்த எழுத்துகளை ஒரு நோட்டில் வரைந்துகொண்டு உள்ளே போகலாம். பெரும்பாலும் 'இப்பவும்' என்ற சொல்லுக்குப் பிறகுதான் விஷயம் ஆரம்பமாகும். அளவுகளும் தெரிந்திருக்க வேண்டும். வீசைக்கு நாற்பது பலம், மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. இது தெரியாமல் உக்கிராணக் கடிதம் படித்தால் ராணி தினம் குடம் குடமாக நெய் சாப்பிட்டதாகத் தோன்றும்.

எனக்குக் கை கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு பத்திர எழுத்தர். எண்பது தாண்டியவர். கூட்டெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் படிப்பார். உங்கள் ஊர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் விசாரித்தால் இப்படி ஒருவர் அகப்படுவார். வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள். மோடி எழுத்து வேறு கதை. தாளின் குறுக்கே முதலில் தலைக்கோட்டை இழுத்துவிட்டு, அதில் எழுத்துகளைக் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டு, பேனாவைத் தூக்காமல் எழுதுவார்கள். மொழியோ மராட்டி. என் நாலு காகிதமும் இன்னும் பாதிதான் படித்தாகியிருக்கிறது.

வைத்திருப்பது

லேமினேஷன் கூடாது. செல்லோடேப் கூடாது. பாச்சா உருண்டை போட்டு இறுக்கி மூடவும் கூடாது. கடையில் கிடைக்கும் வழவழ பிளாஸ்டிக் ஃபைல் பி.வி.சி.யாக இருக்கும், அது மையைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள், கூடவே அமிலம் இல்லாத தாள். கையை சோப்பால் கழுவித் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு போய்த் தாளின் ஓரம் கிழியும்.

துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே, இரண்டு பக்கமும், ஒரு துண்டு பாலியெஸ்டரைச் செருகிவிட்டு மெல்ல உருவுங்கள். இறுகிப்போன மடிப்பு விரியாவிட்டால் ஒரு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு, அதன் மேல் வலை, வலை மேல் கடிதம், மூடி போட்டுச் சில மணி நேரம். தாள் தொளதொளவென்று ஆகும். ஊதா மைக் கடிதத்துக்கு இதைச் செய்யாதீர்கள், எழுத்து கரைந்து ஓடும். புதிதாக வரும் கட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனியாக வையுங்கள். இராமபாணப் பூச்சி விருந்தாளியாக வந்திருக்கலாம். எங்கள் வீட்டில் வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரியில் போடுகிறோம், தாளில் படாமல். நம்பர் போடுவதென்றால் பென்சிலில், பின்பக்க மூலையில்.

கட்டு

நம்பர் போடும்போது எந்தக் கட்டில் எத்தனையாவது தாளாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அரண்மனைக் காகிதங்கள் நூலில் கோத்தோ துணியில் சுற்றியோ வரும். ஒரு கடிதம், அதற்கு மறு கடிதம், நடுவே கணக்குச் சீட்டு. வியாபாரி முதலில் செய்கிற காரியம், நூலை அறுத்து, முத்திரையும் கையெழுத்தும் இருப்பதை உருவித் தனி விலை வைப்பது. அவர் பிழைப்பு அது, திட்டிப் பயனில்லை. ஆனால் நாமும் அதை மட்டும் வாங்கினால் மிச்சத்தை அவர் எடைக்குப் போட்டுவிடுவார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு கடையில் இருபத்து மூன்று தாள் உள்ள கட்டு ஒன்று வந்தது. ஒரு ஜமீன் வீட்டுச் சமையல்கட்டு விவகாரம். வாரிசுகள் இருக்கிறார்கள், ஊர் சொல்ல மாட்டேன். பெரிய ராணியின் சமையலுக்கு நெய் நிறுத்தப்பட்டது குறித்து அவருடைய காரியஸ்தர் எழுதுகிறார், உக்கிராணக்காரர் மறுக்கிறார், மறுபடியும் எழுதுகிறார். ஒவ்வொரு கடிதத்திலும் மரியாதை ஏறிக்கொண்டே போகும், கோபமும் ஏறிக்கொண்டே போகும். பதினான்காவது தாள் இல்லை. நான் போவதற்கு இரண்டு நாள் முன்னால் சென்னையில் இருந்து வந்த ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில்தான் கையெழுத்து இருந்ததாம். "மத்ததெல்லாம் சும்மா கணக்குண்ணே, எவ்வளவு குடுப்பீங்க?" என்றார் கடைக்காரர். இரண்டாயிரம் கொடுத்து இருபத்திரண்டையும் அள்ளிக்கொண்டேன்.

நெய் விவகாரத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு ஐந்து வருடம் தெரியாது. பதினைந்தாவது தாளில் 'உத்தரவுப்படி' என்று மட்டும் இருக்கிறது. என்ன உத்தரவு?

போன வருடம் ஒரு தபால்தலைக் கண்காட்சியில் ஒரு கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். விலை பதினெட்டாயிரம். எனக்குக் கட்டுப்படி ஆகாது. கேட்டதும் விற்பவர் போட்டோ எடுத்துக்கொள்ள விட்டார், நல்ல மனுஷர். என் கட்டின் வலது கீழ் மூலையில் முதல் தாளில் இருந்து கடைசித் தாள் வரை ஒரு எண்ணெய்க் கறை இறங்கியிருக்கும். ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மூலை, அதே கறை, என் பதின்மூன்றாவது தாளை விடக் கொஞ்சம் சின்னதாக, பதினைந்தாவதை விடக் கொஞ்சம் பெரிதாக. உத்தரவு மூன்றே வரி. பெரிய ராணிக்கு மாதம் நாலு வீசை நெய், பாக்கி மூன்று மாதத்துக்கும் சேர்த்து.